வெள்ளைப் பட்டையும் இரண்டு தட்டும்



வேலையின் நிமித்தம் மும்பையிலும் புனேயிலும் பெங்களூரிலும் டில்லியிலும் குடியேறி வாழும் நம் குடும்பங்களில், வேலையும் படிப்பும் முடிந்த மாலை வேளையில் பிள்ளைகள் எங்கே போகிறார்கள் என்ற கேள்வி பெற்றோருக்கு எப்போதும் உண்டு. ஒரு தலைமுறைக்கு முன்பு அந்தக் கேள்விக்குக் கராத்தே வகுப்பு என்று பதில் வந்தது. இப்பொழுது சில வீடுகளில் புதிதாக ஒரு பெயர் கேட்கிறது: பிரேசிலியன் ஜியு-ஜிட்சு. கல்லூரி மாணவனும் கணினி நிறுவனத்தில் வேலை பார்க்கும் வாலிபனும் மட்டுமல்ல, இரவு ரயிலில் தனியே திரும்பும் செவிலியச் சகோதரியும், முப்பத்தைந்து வயதில் தொப்பையைக் குறைக்க எண்ணும் குடும்பத்தலைவரும்கூட இதில் சேருகிறார்கள். நீங்களே சேர நினைத்திருக்கலாம். அல்லது உங்கள் வீட்டில் ஒருவர் சேர்ந்துவிட்டு, கழுத்தில் சிராய்ப்போடும் முன்கையில் நீலத் தழும்போடும் வீடு திரும்புவதைக் கண்டு நீங்கள் கலங்கியிருக்கலாம். இரு சாராருக்கும் பயன்படும்படி இந்த மாதம் இதைக் குறித்துப் பேசுவோம்.

முதலாவது, இது என்னவென்று தெரிந்துகொள்ளுங்கள். இதில் குத்து இல்லை, உதை இல்லை. எதிராளியைப் பற்றிப் பிடித்துத் தரையில் கிடத்தி, அவர் தப்பாதபடி அடக்கி, முடிவில் அவருடைய மூட்டு ஒன்றை வளைத்தோ கழுத்தை நெருக்கியோ, "போதும்" என்று அவரே ஒப்புக்கொள்ளும்படி செய்வதே இந்தக் கலை. மல்யுத்தத்தில் தோள்கள் இரண்டும் தரையில் பட்டால் ஆட்டம் முடிந்துபோகும். இதிலோ முதுகு தரையில் பட்ட பிறகுதான் பாடமே ஆரம்பமாகிறது.

அது ஏன் அப்படி அமைந்தது என்பதற்கு அதன் வரலாற்றில் விடை இருக்கிறது. ஜப்பானில் ஜிகோரோ கானோ என்பவர் பழைய ஜுஜுட்சு முறைகளைச் சீர்திருத்தி, 1882-ஆம் ஆண்டு கோடோக்கான் என்னும் பள்ளியை நிறுவி, ஜூடோ என்ற கலையை வகுத்தார். அப்பள்ளியில் பயின்ற மிட்சுயோ மாயேடா பல தேசங்களில் போட்டியிட்டுச் சுற்றி, 1914-இல் பிரேசிலுக்கு வந்து, பின்னர் வடக்கே பெலெம் நகரில் தங்கிவிட்டார். அங்கே அவரிடமிருந்து வந்த பாடத்தைக் கார்லோஸ் கிரேசி கற்று, தம் சகோதரர்களுக்கும் கற்பித்தார். ரியோ டி ஜெனிரோவில் 1925-ஆம் ஆண்டு இந்தக் குடும்பத்தின் பயிற்சிக்கூடம் தொடங்கப்பட்டதாகக் கூறுவர். இளைய தம்பி ஹீலியோ (1913–2009) மெலிந்த உடலினர் என்றும், பலத்தால் செய்யவேண்டியவற்றை நெம்புகோல் முறையால் செய்யும்படி அவர் மாற்றியமைத்தார் என்றும் அக்குடும்பத்தார் சொல்வார்கள். குடும்பப் பெருமை அதில் கொஞ்சம் கலந்திருக்கலாம் என்பது என் எண்ணம். ஆனாலும் கலையின் போக்கு அந்தக் கதைக்குப் பொருந்தவே செய்கிறது.

கிரேசி குடும்பத்தின் பெயரே எங்கும் பரவியிருப்பதால் மற்றொருவர் பெரும்பாலும் மறக்கப்படுகிறார். ஓஸ்வால்டோ ஃபாடா என்பவர் மாயேடாவின் வழியில் வந்த வேறொரு ஆசிரியரிடம் கற்றவர். நகரின் வசதியுள்ளோர் பகுதிகளை விட்டு, ரியோவின் புறநகரில், பணம் செலுத்த இயலாத எளிய மக்களுக்கு இதைக் கற்றுக்கொடுத்தார். அவருடைய மாணவர்கள் பிற்காலத்தில் கிரேசி பயிற்சிக்கூடத்தாரையே எதிர்த்து வென்றார்கள். ஆகவே இது பணக்காரருடைய விளையாட்டு என்று யாராவது உங்களிடம் சொன்னால், ஃபாடாவை நினைத்துக்கொள்ளுங்கள்.

உலகம் இதைக் கவனித்தது 1993 நவம்பர் 12-ஆம் தேதி. அமெரிக்காவின் டென்வர் நகரில் யூ.எஃப்.சி. என்னும் கலப்புச் சண்டைப் போட்டி முதன்முறையாக நடந்தபோது, ஹீலியோவின் மகன் ராய்ஸ் கிரேசி, சுமார் 80 கிலோ எடையுள்ளவர், ஒரே இரவில் மூன்று பேரைத் தோற்கடித்துப் பட்டம் வென்றார். அதன்பின் உலகமெங்கும் பயிற்சிக்கூடங்கள் முளைத்தன. 2018-இல் ஜகார்த்தாவில் நடந்த ஆசிய விளையாட்டுப் போட்டியில் ஜியு-ஜிட்சுவும் ஒரு போட்டியாக இடம்பெற்றது. வரலாறு இம்மட்டும் போதும். நமக்கு வேண்டியது முதல் மாலையில் என்ன நடக்கும் என்பதே.

வகுப்பு வழக்கமாக ஒரு மணி அல்லது ஒன்றரை மணி நேரம் நடைபெறும். கடினமான ரப்பர் நுரை விரிப்பின்மேல் வெறுங்காலோடு நிற்பீர்கள். 'கி' எனப்படும் தடித்த பருத்திச் சட்டையும் கால்சட்டையும், இடுப்பில் ஒரு வெள்ளைப் பட்டையும் அணிவீர்கள். முதலில் உடலைச் சூடேற்றும் அசைவுகள். அவற்றில் ஒன்றை எல்லோரும் 'இறால்' என்றுதான் சொல்லுவார்கள். மல்லாந்து படுத்து, ஒரு பக்கமாய்ச் சாய்ந்து, காலை ஊன்றி, இடுப்பைப் பின்னுக்குத் தள்ளி வளைந்து நகருவது. கரையில் விழுந்த இறால் துடிப்பதைப் பார்த்த கன்னியாகுமரிக்காரருக்கும் தூத்துக்குடிக்காரருக்கும் விளக்கம் தேவையில்லை. அறையின் ஒரு முனையிலிருந்து மறுமுனைவரை இப்படியே நகரும்போது, இது என்ன வீண்வேலை என்று தோன்றும். மூன்று மாதம் கழித்து, உங்களைவிட இருபது கிலோ கனமானவர் மார்பின்மேல் அழுத்திக் கிடக்கும்போது, உங்களுக்கு அறிமுகமான ஒரே வாசல் அதுவாகத்தான் இருக்கும்.

பிறகு ஆசிரியர் இரண்டு மூன்று உத்திகளைக் காட்டுவார். ஜோடி சேர்ந்து மெதுவாகச் செய்து பார்ப்பீர்கள். கடைசியில் 'ரோலிங்' என்று சொல்லப்படும் உண்மையான மோதல் ஐந்து ஐந்து நிமிடங்களாக நடக்கும். பல கூடங்களில் புதியவரைச் சில வாரங்கள் இதில் விடமாட்டார்கள். அது நல்ல வழக்கம்.

அந்த முதல் ஐந்து நிமிடத்தைக் குறித்து முன்கூட்டியே உங்களை ஆயத்தப்படுத்துவது என் கடமை. நீங்கள் மூச்சை அடக்கிக்கொள்வீர்கள். எதிராளியின் சட்டைக் கழுத்தை இரு கைகளாலும் இறுகப் பிடித்துக்கொண்டு விடவே மாட்டீர்கள். இரண்டு நிமிடத்துக்குள் முன்கை மரத்துப்போகும், வாய் உலரும், கண் இருளும். உங்களுக்கு எதிரே இருப்பவரோ உங்களைவிட மெலிந்தவர், ஒருவேளை ஒரு பெண்பிள்ளை, நிதானமாய் மூச்சுவிட்டுக்கொண்டு உங்களைப் புரட்டிப் போட்டிருப்பார். கல்லூரியில் கபடி ஆடியவர், உடற்பயிற்சிக் கூடத்தில் நூறு கிலோ தூக்குகிறவர், யாராயிருந்தாலும் இதுவே நடக்கும். பலம் வீண் என்பதல்ல. அதை எங்கே, எப்போது செலவிட வேண்டும் என்று தெரியாததனால், தேவையில்லாத இடத்தில் எல்லாம் முழுவதையும் கொட்டிவிடுகிறோம், அவ்வளவே.

ஒரு எடுத்துக்காட்டு சொல்லுகிறேன். ஒருவர் உங்கள் வயிற்றின்மேல் இருபுறமும் முழங்காலிட்டு ஏறி அமர்ந்திருக்கிறார் என்று வைத்துக்கொள்ளுங்கள். இதை 'மவுண்ட்' என்பார்கள். போட்டியில் இந்த நிலைக்கு நான்கு புள்ளிகள் கொடுக்கிறார்கள். புதியவர் செய்வது ஒன்றே: இரண்டு கைகளையும் நேராக நீட்டி அவர் மார்பைத் தள்ளுவது. இதைவிட ஆபத்து வேறொன்றுமில்லை. நீட்டிய கையைப் பற்றிக்கொண்டு அவர் பக்கவாட்டில் சாய்ந்தால் உங்கள் முழங்கை அவர் தொடைகளுக்கு நடுவே அகப்பட்டுக்கொள்ளும். அதற்குப் பெயர் 'ஆர்ம்பார்'. சரியான வழி என்ன? முழங்கைகளை விலாவோடு ஒட்ட வைத்துக்கொண்டு, அவருடைய ஒரு கையைப் பிடித்து அணைத்துக்கொள்ளுங்கள். அதே பக்கத்திலுள்ள அவர் பாதத்தை உங்கள் பாதத்தால் பூட்டுங்கள். பிறகு இடுப்பை மேலே உயர்த்தி அந்தப் பக்கமாகவே புரளுங்கள். நாற்காலியின் ஒரு பக்கத்துக் கால்கள் இரண்டையும் எடுத்துவிட்டால் அது எந்தப் பக்கம் சாயும்? எடை அங்கே உங்களுக்கு விரோதமாயிராமல் உங்களுக்கே உதவியாகிவிடுகிறது. ஒரு கையை மட்டும் பிடித்துப் பாதத்தைப் பூட்ட மறந்தால், அவர் காலை ஊன்றி நின்றுவிடுவார். முயற்சி முழுவதும் வீணாகும். இப்படிச் சின்னச் சின்ன நுணுக்கங்களால் ஆன கலை இது.

இன்னொன்று 'கார்டு' எனப்படும் நிலை. கீழே மல்லாந்து படுத்திருப்பவர் தம் இரு கால்களையும் மேலே இருப்பவரின் இடுப்பைச் சுற்றி வளைத்துக்கொள்ளுகிறார். பார்ப்பவருக்குக் கீழே இருப்பவர் தோற்றுக்கொண்டிருப்பதாகத் தோன்றும். ஆனால் காலின் பலம் கையின் பலத்தைவிட மிகுதி என்பது நமக்குத் தெரிந்ததே. கால்களால் தூரத்தைக் கட்டுப்படுத்தி, அங்கிருந்தே கழுத்தையும் கையையும் தாக்க முடியும். மேலே இருப்பவர் அந்தக் கால்களைத் தாண்டி வந்து அடக்கினால்தான் அவருக்கு மூன்று புள்ளிகள். கீழே கிடப்பதை ஒரு வேலையிடமாக மாற்றியதுதான் பிரேசில் நாட்டார் செய்த பெரிய காரியம்.

இனி முக்கியமான காரியத்துக்கு வருகிறேன். இந்தக் கலையில் புதியவர் கற்கவேண்டிய முதல் உத்தி மவுண்டிலிருந்து தப்புவதும் அல்ல, ஆர்ம்பாரும் அல்ல. அது தட்டுவது. மூட்டு அகப்பட்டுவிட்டது, அல்லது கழுத்து நெருக்கப்படுகிறது என்று கண்டவுடன், எதிராளியின் உடலில் இரண்டு மூன்று முறை கையால் தட்டவேண்டும். கை எட்டாவிட்டால் தரையில் தட்டலாம், காலால் தட்டலாம். கைகள் இரண்டும் சிக்கியிருந்தால் வாயினால் "தட்டுகிறேன்" என்று சொல்லலாம். போட்டி விதிகளின்படி வலியினால் அலறினாலே அது தட்டியதாக எண்ணப்படும். தட்டிய கணமே எதிராளி பிடியை விட்டுவிடவேண்டும். பிறகு இருவரும் கைகொடுத்து, மறுபடியும் முதலிலிருந்து தொடங்குவார்கள். ஒரு மாலையில் பத்து முறை தட்டுவது புதியவருக்குச் சாதாரணம்.

இவ்வளவுதானே, இதில் என்ன கடினம் என்று கேட்பீர்கள். கடினம் கையில் இல்லை, மனதில் இருக்கிறது. ஊரை விட்டு வந்து, பத்துக்குப் பத்து அறையில் மூன்று பேரோடு தங்கி, பகலெல்லாம் மேலாளரின் சொல்லுக்குத் தலையாட்டிவிட்டு வரும் வாலிபனுக்கு, இங்கேயாவது ஒருவரிடம் பணியாமல் இருக்கவேண்டும் என்று தோன்றுவது இயற்கை. "இன்னும் ஒரு நொடி தாங்கலாம்" என்று பல்லைக் கடித்துக்கொண்டு இருப்பான். அந்த ஒரு நொடியில்தான் கேடு வருகிறது.

ஏனெனில் எல்லாப் பிடிகளும் ஒன்றுபோல் எச்சரிப்பதில்லை. முழங்கை நேராகும்போது வலி படிப்படியாக ஏறும். ஓரளவு நேரம் கிடைக்கும். கழுத்தின் இருபுறமும் உள்ள ரத்தக்குழாய்களை நெருக்கினாலோ, வலி அதிகமின்றியே சுமார் பத்து நொடிக்குள், சிலவேளை அதற்கும் குறைவாகவே, நினைவு தப்பிவிடும். குதிகாலைத் திருப்பும் 'ஹீல் ஹூக்' இன்னும் வஞ்சகமானது. திருப்பப்படுவது குதிகால், ஆனால் கிழிவது முழங்காலின் தசைநார். வலி தெரியுமுன்னே அது கிழிந்திருக்கும். அதனாலேதான் வெள்ளைப் பட்டையினருக்குப் போட்டிகளில் அந்தப் பிடி தடைசெய்யப்பட்டிருக்கிறது. ஆகவே வலி வரும்வரை காத்திருந்து தட்டாதேயுங்கள். நிலைமை கைமீறிவிட்டது என்று கண்டவுடன் தட்டிவிடுங்கள். தொடைச்சந்து சுளுக்கி நொண்டி நடந்த யாக்கோபின் வரலாறு அறிந்த நமக்கு, ஒரு மூட்டு ஒரு மனிதனின் நடையையே மாற்றிவிடும் என்று விளக்கவேண்டியதில்லை.

இந்தப் பிடிவாதத்துக்குப் புகழ்பெற்ற ஒரு முன்னுதாரணமும் உண்டு. 1951 அக்டோபர் 23-ஆம் தேதி ரியோவின் மரக்கானா மைதானத்தில், ஜப்பானின் ஜூடோ வீரர் மசாஹிக்கோ கிமுராவோடு ஹீலியோ கிரேசி மோதினார். கிமுரா எடையிலும் பலத்திலும் மிகவும் மேற்பட்டவர். ஹீலியோவின் கையை முதுகுப்புறமாக முறுக்கிப் பூட்டினார். கை முறிந்தும் ஹீலியோ தட்டவில்லை என்று சொல்லப்படுகிறது. அண்ணன் கார்லோஸ்தான் ஆட்டத்தை நிறுத்தச் செய்தார். அந்தப் பூட்டுக்கு இன்றுவரை 'கிமுரா' என்றே பெயர், வென்றவரின் பெயரையே தோற்றவர்கள் சூட்டிவிட்டார்கள். பயிற்சிக்கூடங்களில் இந்தக் கதையை மிகுந்த மரியாதையோடு சொல்லுவார்கள். நானும் மரியாதையோடுதான் சொல்லுகிறேன். ஆனால் உங்கள் மகன் இதைக் கேட்டுவிட்டு வந்தால், அது வாழ்நாளில் ஒருமுறை, ஆயிரக்கணக்கானோர் முன்னிலையில் நடந்த போட்டி என்பதையும், நிறுத்துவதற்கு அங்கே ஓர் அண்ணன் இருந்தார் என்பதையும் சேர்த்துச் சொல்லுங்கள். செவ்வாய்க்கிழமை இரவு எட்டரை மணி வகுப்புக்கு அந்த வீரம் தேவையில்லை. தோள் விலகினால் மறுநாள் வண்டி ஓட்டுவது எப்படி? நோயாளியைத் தூக்கிப் படுக்க வைப்பது எப்படி? ஊருக்கு மாதந்தோறும் அனுப்பும் பணம் அந்தக் கையில்தானே இருக்கிறது? முழங்காலின் தசைநார் கிழிந்து அறுவைச் சிகிச்சை செய்துகொண்டவர் மீண்டும் பழையபடி ஓட மாதக்கணக்கில் ஆகிறது. பக்கத்தில் தாயோ மனைவியோ இல்லாத அறையில் அந்த மாதங்கள் எவ்வளவு நீளமானவை என்று, இங்கே தனியே காய்ச்சலில் படுத்தவர்களைக் கேட்டால் சொல்லுவார்கள்.

தட்டுவது ஒருவருடைய கடமையென்றால், விடுவது மற்றவருடைய கடமை. இந்தக் கலை முழுவதும் அந்த ஒரு நம்பிக்கையின்மேல் நிற்கிறது. முன்பின் அறியாத ஒருவரிடம் உங்கள் கழுத்தைக் கொடுக்கிறீர்கள்; தட்டினால் விடுவார் என்று நம்பியே கொடுக்கிறீர்கள். ஆகவே, சேருமுன் எந்தக் கூடம் நல்லது என்று அறிய எனக்குத் தெரிந்த சிறந்த வழி, ஒரு மாலை ஓரமாய் உட்கார்ந்து தட்டுதல்களைக் கவனிப்பதே. புதியவர் தட்டியதும் மூத்தவர் உடனே விடுகிறாரா, அல்லது ஒரு கணம் கூடுதலாக இறுக்கிவிட்டு விடுகிறாரா? தட்டியவரைப் பார்த்து யாராவது சிரிக்கிறார்களா? ஆசிரியர் தாமே ஒரு மாணவனிடம் தட்டுகிறாரா? எந்தப் புதியவரை எந்தப் பெரியவரோடு சேர்ப்பது என்று பார்த்துச் சேர்க்கிறாரா, அல்லது கைபேசியைப் பார்த்துக்கொண்டிருக்கிறாரா? சுவரில் தொங்கும் பதக்கங்களைவிட இவை அதிகம் சொல்லும்.

ஆசிரியரிடம், "உங்களுக்குப் பட்டை கொடுத்தவர் யார்?" என்றும் கேளுங்கள். வேறு இடங்களில் இப்படிக் கேட்பது அவமரியாதையாகத் தோன்றும். இந்தக் கலையில் அது வழக்கமான கேள்வி. உண்மையுள்ளவர் தயங்காமல் சொல்லுவார். பெரியவர்களுக்கான பட்டைகள் வெள்ளை, நீலம், ஊதா, பழுப்பு, கறுப்பு என்ற வரிசையில் வரும். சர்வதேசக் கூட்டமைப்பின் விதிப்படி நீலத்துக்குக் குறைந்தது 16 வயதும், கறுப்புக்கு 19 வயதும் ஆகவேண்டும். நீலத்தில் குறைந்தது இரண்டு ஆண்டுகள் இருந்தால்தான் ஊதா. கறுப்புப் பட்டைக்குப் பத்து ஆண்டுகள் ஆவது சாதாரணம். இரண்டே வருடத்தில் கறுப்புப் பட்டை தருகிறோம் என்று யாராவது சொன்னால், பணத்தைப் பத்திரமாகப் பையில் வைத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிடுங்கள். நம் நகரங்களில் நீலப் பட்டையினரும் ஊதாப் பட்டையினரும் வகுப்பு நடத்துவதுண்டு. அதை ஒளிக்காமல் சொல்லுகிறவரிடம் கற்பதில் தவறில்லை. ஒரு வருடக் கட்டணத்தை மொத்தமாகக் கேட்டால் மட்டும், முதல் மூன்று மாதம் மாதாமாதம் கட்டுகிறேன் என்று பணிவாய்ச் சொல்லுங்கள். சேருகிறவர்களில் பலர் அந்த மூன்று மாதத்துக்குள்ளேயே நின்றுவிடுகிறார்கள்.

நம் வாசகர்களுக்கே உரிய சில சந்தேகங்கள் உண்டு. வகுப்பின் தொடக்கத்திலும் முடிவிலும் வரிசையாய் நின்று குனிகிறார்களே, அது வணக்கமா? அது ஜப்பானிய மரியாதைமுறை. ஆசிரியருக்கும் கூடப் பயிலுகிறவருக்கும் செய்யும் கைகூப்புதல் போன்றது. மந்திரமோ தியானமோ இந்தக் கலையில் கிடையாது. சில கூடங்களில் மறைந்த ஆசிரியர்களின் படம் சுவரில் இருக்கும், அதை நோக்கிக் குனியும் வழக்கமும் இருக்கலாம். அது உங்கள் மனச்சாட்சிக்கு இடறலானால், சேரும்போதே ஆசிரியரிடம் சொல்லிவிடுங்கள். அநேகர் உள்ளங்கையைத் தட்டிக் கைமுட்டியை மோதிக்கொள்வதையே வாழ்த்தாகக் கொள்ளுகிறபடியால், யாரும் வருத்தப்படமாட்டார்கள். ஞாயிறு காலையில் 'ஓபன் மேட்' என்ற பெயரில் பொதுப்பயிற்சி வைப்பது பல கூடங்களின் வழக்கம். ஆராதனை நேரத்தோடு அது மோதுமென்பதை வாலிபர் இப்பொழுதே கவனத்தில் வைத்துக்கொள்ளட்டும். மோதிரம், கம்மல், சங்கிலி அணிந்து விரிப்பின்மேல் ஏறக்கூடாது என்பது எங்கும் உள்ள கண்டிப்பான விதி. அதில் மட்டும் நம் சபையாருக்குச் சிரமம் இருக்காது.

பெண்கள் ஆண்களோடு பயிலவேண்டியிருக்குமே என்ற கவலை நியாயமானது. பெண்களுக்கென்று தனி வகுப்பு வைத்திருக்கும் கூடங்கள் சில உண்டு. முதலில் அவற்றைத் தேடுங்கள். இல்லாத இடத்தில், யாரோடு பயிலுவது, யாரோடு பயிலாதிருப்பது என்பதைத் தெரிந்துகொள்ளும் உரிமை எப்போதும் பயிலுகிறவருக்கே உண்டு. "இந்தச் சுற்று நான் ஓய்வெடுக்கிறேன்" என்றால் போதும், காரணம் சொல்லவேண்டியதில்லை. கியின் உள்ளே முழுக்கைச் சட்டையும் கணுக்கால்வரை இறுக்கமான கால்சட்டையும் அணியலாம். பெரும்பாலானோர் அணிகிறார்கள்.

இதனால் தெருவில் பாதுகாப்பு கிடைக்குமா என்று கேட்கும் சகோதரிகளுக்கு உண்மையைச் சொல்லவேண்டும். தன்னைவிடப் பெரியவர் ஒருவர் மேலே அழுத்தும்போது பதறாமல் மூச்சுவிட்டு, இடம் உண்டாக்கி, எழுந்து நிற்பதை இதைப்போல் வாரந்தோறும் உண்மையான எதிர்ப்போடு பழக்குவிக்கும் கலைகள் குறைவு. அது பெரிய நன்மை. ஆனால் கத்தி வைத்திருப்பவனிடமோ, இரண்டு மூன்று பேரிடமோ, சிமெண்ட் தரையில் மல்லாந்து படுத்துச் சண்டையிடுவது மதியீனம். அங்கே கற்றதின் பயன் எழுந்து ஓடும் அளவுக்கு மட்டுமே. ஒரு மாதப் பயிற்சியில் தைரியம் திறமையைவிட வேகமாய் வளர்ந்துவிடும் என்பதையும் மறக்கவேண்டாம்.

வயதைக் குறித்து ஒரு வார்த்தை. போட்டிகளில் 30 வயதானவுடனே 'மாஸ்டர்' பிரிவில் சேர்த்துவிடுகிறார்கள். கேட்கப் பெருமையாயிருக்கும், காரணம் முழங்கால் வலி. நாற்பதைத் தாண்டியவர்கள் வாரம் இரண்டு நாள் போனால் போதுமானது. உயர் ரத்த அழுத்தமோ, முதுகுத்தண்டில் தட்டு விலகலோ, வலிப்பு நோயோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்காமல் சேரவேண்டாம். பதினாறு வயதுக்குட்பட்ட பிள்ளைகளுக்குச் சாம்பல், மஞ்சள், ஆரஞ்சு, பச்சை என்று வேறு பட்டைகள் உண்டு, ஆபத்தான பல பிடிகள் அவர்களுக்கு விலக்கப்பட்டுள்ளன. பிள்ளைகளின் வகுப்பில் இவை விலக்கப்பட்டிருக்கின்றனவா என்று கேட்டறிவது பெற்றோரின் பொறுப்பு.

எலும்பு முறிவைவிட அடிக்கடி வருவது தோல்நோய். பலருடைய வியர்வை ஒரே விரிப்பில் படுவதால் படர்தாமரை எளிதில் தொற்றும். வட்டமாய்ச் சிவந்து அரிக்கும் தடிப்பைக் கண்டால், ஆறும்வரை வகுப்புக்குப் போகாதிருங்கள். அது மற்றவர்களுக்கு நீங்கள் செய்யும் உபகாரம். மருந்துக்கடையில் கேட்டவுடன் எடுத்துக்கொடுக்கும் ஸ்டீராய்டு கலந்த களிம்பைத் தடவவேண்டாம். இரண்டு நாளில் அரிப்பு அடங்கும், சிவப்பு மங்கும், உள்ளே பூஞ்சையோ பரவிக்கொண்டிருக்கும். நம் நாட்டில் படர்தாமரை இன்று எளிதில் தீராத நோயாக மாறியிருப்பதற்கு அந்தக் களிம்புகளும் ஒரு முக்கியக் காரணம் என்று தோல் மருத்துவர்கள் பல ஆண்டுகளாகச் சொல்லிவருகிறார்கள். காதுமடல் அடிக்கடி உரசி ரத்தம் கட்டி வீங்கினாலும் அப்படியே விட்டுவிடாமல் உடனே மருத்துவரிடம் காட்டுங்கள். உறைந்துவிட்டால் மடல் காலிபிளவர் போலச் சுருங்கி நின்றுவிடும்.

கை கால் நகங்களை வகுப்புக்கு முன்தினமே வெட்டிவிடுங்கள். கழிவறைக்குப் போகும்போது செருப்பு, விரிப்பின்மேல் வெறுங்கால். இதை மாற்றிச் செய்கிறவரை யாரும் விரும்புவதில்லை. வீடு திரும்பியதும் முதலில் சோப்புப் போட்டுக் குளியுங்கள். கியைப் பையிலேயே விட்டுவைக்காமல் அன்றிரவே குளிர்ந்த நீரில் துவைத்து, மொட்டைமாடியிலோ ஜன்னல் கம்பியிலோ காற்றுப்படும்படி விரித்துப் போடுங்கள். வெந்நீரில் போட்டால் பருத்தி சுருங்கி, சட்டைக்கை முழங்கைக்கு ஏறிவிடும். மழைக்காலத்தில் மும்பையில் அது காய இரண்டு நாள் ஆகும். ஆகவே ஜூன் மாதத்துக்கு முன் இன்னொன்று வாங்க இயலுமானால் வாங்கிக்கொள்ளுங்கள். இயலாவிட்டால் திங்களும் வியாழனும் என்று நாட்களைத் தள்ளி வைத்துக்கொள்ளுங்கள்.